லண்டன் பயணமா? கால்களைக் கவனியுங்க!

பேரப்பிள்ளையைப் பார்க்க லண்டன் கிளம்பும் நெல்லைப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. வாகைக்குளத்தில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் சென்னை. அங்கிருந்து லண்டன் சுமார் 8,200 கி.மீ.; நேர் விமானத்திலேயே ஏறக்குறைய 11 மணி நேரம்.

தூரம் பெரிசில்லை, அசையாமல் உட்காருவதுதான் வம்பு. நாலு மணி நேரத்துக்கு மேல் அப்படிப் பயணம் செய்தால், காலில் ரத்தம் உறையும் அபாயம் சுமார் இரு மடங்காகும் என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் அறிவித்தது. அரிதுதான், அசட்டை கூடாது.

மணிக்கொரு தரம் எழுந்து நடங்க. உட்கார்ந்தபடியே குதிகாலைத் தூக்கி இறக்குங்க. தண்ணீர் குடிங்க.

ஊர் சேர்ந்தபின் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், தைலம் தேய்த்து நீவிடாதீங்க! உறைந்த ரத்தம் நகர்ந்து நுரையீரலை அடைக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.