மரியோ குதிக்கும்போது மறையும் சுரம்

"கேம் மியூசிக்கையெல்லாம் தனியாக உட்கார்ந்து யாராவது கேட்பார்களா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நான் கேட்பேன். சினிமாப் பாட்டைக் கேட்கிற அதே ஆசையோடு கேட்பேன். ஏன் என்று ஒரு டீக்குள் சொல்லி முடிக்க முடியாது, இன்னொன்றும் சொல்லி வைத்துக்கொள்வோம்.

சினிமாவுக்குப் பின்னணி இசை அமைக்கிறவர் கைக்கு, வெட்டி முடித்த படம் வந்து சேர்கிறது. நாயகி கதவைத் திறக்க எத்தனை வினாடி ஆகிறது, எந்த இடத்தில் திரும்பிப் பார்க்கிறாள், எல்லாம் முடிவாகிவிட்டது. இளையராஜா ரீலைப் பார்த்துவிட்டு நேராக இசைக்குறிப்பு எழுதுகிற வேகம் நமக்கெல்லாம் தெரிந்ததுதான். அந்த மேதைமைக்கும் காட்சி ஓர் உதவி செய்கிறது: நாளைக்குப் பார்த்தாலும் அதே நீளத்தில்தான் இருக்கும். கேமில் அப்படி இல்லை. ஆடுகிறவர் கதவருகே உடனே போகலாம். போகாமல் பத்து நிமிடம் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கலாம். இசையமைப்பாளருக்கு அது தெரியாது.

கல்யாண வீட்டு நாதஸ்வரக்காரரின் நிலை இது. முகூர்த்த நேரம் அவருக்குத் தெரியும், தாலி ஏறும் நொடி தெரியாது. ஐயர் கை அசைத்ததும், வாசித்துக்கொண்டிருக்கிற ராகம் எந்த இடத்தில் இருந்தாலும் விட்டுவிட்டுக் கெட்டிமேளத்துக்குத் தாவ வேண்டும். அந்தத் தாவல் காதில் உறுத்தவும் கூடாது. கேம் இசையில் நான் முதலில் கவனிப்பது இந்தத் தாவலைத்தான். மெட்டு அதற்கு அடுத்தபடி.

பழையதிலிருந்து ஆரம்பிக்கலாம். 1978இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனம் வெளியிட்ட 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்'. உருவாக்கியவர் டொமொஹிரோ நிஷிகாடோ. வரிசை வரிசையாக இறங்கி வரும் அயல்கோள் உருவங்களைக் கீழிருந்து சுட வேண்டும். அதன் இசை நான்கே சுரம், கனமான குரலில், ஒன்றன்பின் ஒன்றாக, திரும்பத் திரும்ப. எதிரிகள் குறையக் குறைய மிஞ்சியவை வேகமாக நகரும், அந்த நான்கு சுரங்களும் கூடவே வேகம் பிடிக்கும். அந்த வேகத்துக்குப் பின்னால் ஒரு தற்செயல் இருக்கிறது. அக்காலச் சில்லுக்கு அத்தனை உருவங்களையும் ஒரே நேரத்தில் நகர்த்திக் காட்டுவது பெரும் சுமை. சுடச் சுடச் சுமை குறைந்தது, ஆட்டம் தானாகவே விரைந்தது. நிஷிகாடோ அதைத் திருத்தாமல் அப்படியே விட்டார். நாம் எவ்வளவு நன்றாகச் சுடுகிறோமோ அவ்வளவுக்கு இசை நம்மை விரட்டுகிறது. நான்கு சுரத்தில் இதைச் செய்தார்கள் என்பது எனக்கு இன்றும் பெரிய விஷயமாகத்தான் படுகிறது.

அடுத்தது மரியோ. 1983இல் ஜப்பானில் வந்த நின்டெண்டோவின் ஃபேமிகாம் பெட்டியை இங்கே அசலாகப் பார்த்தவர்கள் குறைவு. தொண்ணூறுகளில் நம் வீடுகளுக்கு 'டிவி கேம்' என்ற பெயரில் வந்தவை பெரும்பாலும் அதன் நகல்கள். ஒரே கேசட்டில் நூற்றுக்கணக்கில் ஆட்டங்கள் இருப்பதாக மேலே அச்சடித்திருக்கும், அதில் மரியோவும் கான்ட்ராவும் கட்டாயம் இருக்கும். 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' 1985 செப்டம்பரில் வெளியானது. படம், இசை, விதிகள் எல்லாம் சேர்ந்து 40 கிலோபைட். இன்று கைபேசியில் எடுக்கிற ஒரு புகைப்படம் அதைவிடப் பல மடங்கு பெரியது.

அந்தப் பெட்டியின் ஒலிச்சில்லில் ஐந்தே தடங்கள். இரண்டு, மெட்டுக்கு ஏற்ற கூரான ஒலி தருபவை. மூன்றாவது மழுங்கலான ஒலி, பேஸ் கிட்டார் வேலையை அதுதான் பார்க்கும். அதன் சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை, ஒலிக்கும் அல்லது ஒலிக்காது. நான்காவது வெறும் இரைச்சல், அதை நறுக்கி நறுக்கித்தான் தாளம் செய்தார்கள். ஐந்தாவது, பதிவுசெய்த ஒலித்துணுக்குகளுக்கானது. இந்த ஆட்டம் அதைத் தொடவே இல்லை. ஆக, இசையமைப்பாளர் கோஜி கோண்டோ கையில் இருந்தது நான்கு தடம்.

அந்த நான்கும் முழுதாக அவருக்குக் கிடைக்கவில்லை. மரியோ குதித்தால் ஒரு சத்தம் வர வேண்டும், காசு எடுத்தால் ஒரு சத்தம். அவற்றுக்கென்று தனித்தடம் கிடையாது. குதிக்கும் சத்தம் மெட்டுக்கான இரு தடங்களில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளும், காசுச் சத்தம் மற்றொன்றை. அந்தக் கணத்தில் அங்கே ஓடிக்கொண்டிருந்த சுரம் கேட்காது. அதாவது நீங்கள் ஒவ்வொரு முறை பொத்தானை அழுத்தும்போதும் பாட்டில் ஓர் ஓட்டை விழுகிறது. ஆனாலும் பாட்டு அறுபடுவதில்லை. ஒரு தடம் போனால் இன்னொன்று இழுத்துப் பிடிக்கிறது, அடியில் பேஸும் தாளமும் நிற்பதே இல்லை. மரியோவின் ஓட்டத்துக்கும் குதிப்புக்கும் பொருந்தவேண்டும் என்று நினைத்தே அமைத்ததாகக் கோண்டோ பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கையில் கட்டையைப் பிடித்து ஆடினால் அது புரியும். குதிக்கும் சத்தமே அந்தப் பாட்டின் இன்னொரு வாத்தியம்போல ஆகிவிடும்.

முதல் கட்டத்தில் மேலே கடிகாரம் 400 காட்டும். அது வினாடிக் கணக்கல்ல, ஓர் எண் குறைய ஏறக்குறைய 0.4 வினாடி. 100க்கு வந்ததும் ஒரு சிறு எச்சரிக்கை ஒலி, பிறகு அதே பாட்டு வேகமெடுத்து ஓடும். புதிதாக ஒரு சுரம்கூடச் சேர்க்கவில்லை. காலப்பிரமாணம் மாறுகிறது, அவ்வளவுதான். உள்ளங்கை வியர்த்துவிடும்.

2023இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் தேசியப் பட்டியலில் இந்த முதல் கட்டப் பாட்டைச் சேர்த்தது. கேம் இசைக்கு அந்தப் பட்டியலில் கிடைத்த முதல் இடம். மகிழ்ச்சி. ஆனாலும் என் ஓட்டு, தண்ணீருக்கடியில் வரும் வால்ட்ஸுக்குத்தான். மூன்றெண்ணித் தாளத்தில் மிதந்து வரும். மரியோ அங்கே ஓட முடியாது, கையைத் துழாவித் துழாவித்தான் மேலே வர வேண்டும். அந்தத் தாளம் நம் விரலையும் நிதானப்படுத்திவிடுகிறது. பாதாளக் கட்டத்தின் இசை இதற்கு நேர் எதிர். சில சுரங்கள், பிறகு மௌனம், மறுபடி சில சுரங்கள். மௌனத்துக்கு நினைவகத்தில் இடம் அதிகம் வேண்டாம் என்பதும் உண்மை, இருட்டுக்கு அதைவிடப் பொருத்தமான இசை இல்லை என்பதும் உண்மை.

பிறகு வசதிகள் கூடின. 1990இல் வந்த 'சூப்பர் மரியோ வேர்ல்ட்' ஆட்டத்தில் மரியோ யோஷி என்ற டைனோசர் மேல் ஏறியதும் அதே பாட்டில் போங்கோ தாளம் சேர்ந்துகொள்ளும், இறங்கினால் நின்றுவிடும். அடுத்த ஆண்டு 'மங்கி ஐலண்ட் 2' வந்தது. அதற்காக மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்கானலும் ஐம்யூஸ் என்றொரு முறையை அமைத்தார்கள். வுட்டிக் என்ற ஊரில் ஒரு கடைக்குள் நுழைந்தால் ஊரின் மெட்டு அந்தக் கடைக்கேற்ற மெட்டாக மாறும். வெளியே வந்தால் பழையபடி ஆகும். எங்கே ஒட்டுப் போட்டார்கள் என்று காது கண்டுபிடிக்கத் திணறும். எனக்கு ஒரு நாள் முழுக்கக் கொடுத்தாலும் அந்தக் கடைகளுக்குள் போய் வந்துகொண்டே இருப்பேன்.

இன்றைய பெரிய கேம்களில் முழு ஆர்கெஸ்ட்ராவே வாசிக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பலவற்றில் என் கையும் இசையும் தனித்தனியாகப் போகின்றன, நான் அசையாமல் நின்றாலும் அது முழங்கிக்கொண்டே இருக்கிறது. 2005இல் வந்த 'ஷேடோ ஆஃப் தி கொலோசஸ்' அப்படி இல்லை. வெட்டவெளியில் குதிரையில் போகும்போது இசையே பெரும்பாலும் கிடையாது, காற்றும் குளம்படியும்தான். பூதாகர உருவம் எதிரே வந்ததும் கோ ஓட்டானியின் ஆர்கெஸ்ட்ரா அச்சத்தோடு தொடங்கும். அதன் மேல் தொற்றி ஏறி நம் பக்கம் வலு சாயும்போது இசையும் நிமிர்ந்து எழும். ஆர்கெஸ்ட்ராவுக்குச் செலவழித்தால் இப்படிச் செலவழிக்க வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால் யோஷியைத்தான் சொல்வேன். ஏறுங்கள், நாலு அடி போங்கள், இறங்குங்கள், மறுபடி ஏறுங்கள். எதிரி பக்கத்தில் வந்தாலும் பரவாயில்லை, போங்கோ எந்த இடத்தில் உள்ளே வருகிறது என்று மட்டும் கேளுங்கள்.