மேலட்டையில் எழுதிய குறிப்பு

தில்லியில் நாடாளுமன்றம் 2023 டிசம்பரில் நிறைவேற்றிய பாரதிய சாட்சிய சட்டம், 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. செல்போன் வீடியோவின் நகலைச் சாட்சியமாகத் தாக்கல் செய்தால், இந்தச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழும் தர வேண்டும். அதில் கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் ஹேஷ் எண்ணும் இருக்க வேண்டும். எஸ்ஹெச்ஏ-256 முறையில் இது 64 எழுத்து நீளம். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் எண் முழுக்க வேறாகிவிடும்.

யார் எடுத்தது, எங்கே, எப்போது என்ற விவரங்களைக் கோப்போடு சேர்த்து வைக்க வழி உண்டா? உள்ளே எழுதினால் ஹேஷ் கெட்டுப்போகும். பெயரில் எழுதலாம், ஆனால் லினக்ஸில் பெயருக்கு 255 பைட்தான் இடம். தமிழில் 'கி' ஒன்றே 6 பைட்டைத் தின்றுவிடும்!

இதற்குத்தான் 'எக்ஸ்டெண்டட் அட்ரிபியூட்'. அலுவலகக் கோப்பின் மேலட்டையில் எழுதுவது மாதிரி. டெர்மினலில் 'செட்ஃபாட்டர்' என்று அடித்து, மைனஸ் என் போட்டு 'யூசர்.இடம்' என்ற பெயர், மைனஸ் வி போட்டு 'தீஸ் ஹசாரி' என்ற தில்லி இடத்தின் பெயர், கடைசியில் கோப்பின் பெயர். என்டர் தட்டினால் திரையில் ஒன்றுமே வராது. வேலை முடிந்தது என்று அர்த்தம். 'கெட்ஃபாட்டர் மைனஸ் டி மைனஸ் இ டெக்ஸ்ட்' என்று கேட்டால் எழுதியது வரும். கோப்பின் அளவு, திருத்திய நேரம், ஹேஷ் மூன்றும் அப்படியே இருக்கும். காரணம், குறிப்பு கோப்பின் உள்ளடக்கத்தில் சேர்வதில்லை. கோப்பைப் பற்றிய விவரங்கள் இருக்கும் இன்னோடிலோ, அது சுட்டும் தனி பிளாக்கிலோ போய் உட்காருகிறது.

வசதிதான், ஆனால் நிலையற்றது. வெறும் 'சிபி' கட்டளையில் நகலெடுத்தால் குறிப்பு உதிர்ந்துவிடும்; 'சிபி மைனஸ் ஏ' போட வேண்டும். கடையில் வாங்கும் பென்டிரைவில் பெரும்பாலும் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட். அவற்றில் இதற்கு இடமே இல்லை. மின்னஞ்சலில் போனாலும் அதே கதி. தவிர, கோப்பில் எழுத அனுமதி உள்ள எவரும் குறிப்பை மாற்றலாம், ஹேஷ் காட்டிக்கொடுக்காது. எனவே சான்றிதழுக்கு இது மாற்றாகாது. நம் சௌகரியத்துக்கு மட்டும்.

நாம் எழுதாமலே ஒட்டிக்கொள்வதும் உண்டு. 'டபிள்யூகெட்' என்ற பதிவிறக்க நிரல், கோப்பு வந்த இணைய முகவரியை இப்படிச் சத்தமில்லாமல் எழுதி வைத்தது. முகவரிக்குள் கடவுச்சொல் இருந்தால் அதுவும் சேர்ந்து பதிவானது. 2018 இறுதியில் குட்டு வெளிப்பட, 1.20.1 பதிப்பில் அந்தப் பழக்கத்தை நிறுத்தினார்கள். இப்போது நாம் கேட்டால்தான் எழுதும்.