துணைப்படகும் கடலின் நிலையும்

உல்லாசப் பிரயாணக் கப்பல்கள் எல்லாத் துறைகளிலும் கரையை அணைந்து நிற்றல் இயலாது. ஆழம் போதாத இடங்களிலும் தக்க இறங்குதுறை இல்லாத இடங்களிலும் அவை கரைக்கு அப்பால் நிற்கும். பிரயாணிகள் துணைப்படகுகளிலேறிக் கரை சேர்வர். இவ்விடைவழி சிறிதே ஆயினும், பிரயாணத்தில் வானிலைக்கு மிகவுங் கட்டுப்பட்ட பகுதி இதுவேயாம்.

இடர் பெரும்பாலும் படகு செல்லும் வழியிலன்று. ஏறும் இடத்திலும் இறங்கும் இடத்திலுமே உளது. கப்பலின் விலாப்புறத்து மேடை கப்பலோடு மெல்ல அசையும். சிறுபடகோ ஒவ்வோர் அலைக்கும் எழுந்து தாழும். கணந்தோறும் மாறும் இவ்வுயர வேறுபாட்டைப் பிரயாணி ஓரடியிற் கடத்தல் வேண்டும். கால் தவறின் படகுக்கும் மேடைக்குமிடையே நசுங்க நேரும். முதியோர்க்கு அவ்வோரடி பெருஞ்சோதனையாகும்.

அலைகள் இருவகையின. அவ்விடத்துக் காற்றால் எழுவன குறுகியவை. கப்பலைத் திருப்பி அதன் மறைவிற் படகை நிறுத்தின் அவற்றின் வேகந் தணியும். தொலைவிலுள்ள புயலாற் பிறந்து வரும் நெடிய அலைகளோ கப்பலைச் சுற்றி வளைந்து மறைவிலும் புகும். ஆதலின் காற்றின்றி வெயிலெறிக்கும் நாளிலுங் கூடப் படகுச் சேவை நிறுத்தப்படுதல் உண்டு. நீரோட்டத்தைக் காற்று எதிர்க்குமாயின் அலைகள் செங்குத்தாகிப் பின்னும் இடர் விளைக்கும்.

கரிபியக் கடலிலுள்ள பெருங் கேமன் தீவின் ஜோர்ஜ் ரவுண் இதற்குத் தக்க சான்றாகும். அந்நகர் தீவின் மேற்குக் கரையிலிருப்பதால், அங்கு வழக்கமாக வீசும் கீழ்க்காற்றைத் தீவே தடுத்துவிடுகின்றது. மாரிக்காலத்திற் குளிர்காற்று வடமேற்கிலிருந்து வீசும்போது அம்மறைவு நீங்கும். அப்பொழுது கப்பல்கள் தென்கரையிலுள்ள ஸ்பொட்ஸ் என்னுமிடத்தை நாடும். ஆங்கும் இயலாதாயின் பிரயாணிகளை இறக்காமலே செல்லும். உல்லாசக் கப்பல்கள் அணையத்தக்க துறை அமைப்பதை அந்நாட்டு மக்கள் 2025 ஏப்ரலில் நிகழ்ந்த வாக்கெடுப்பில் ஏற்காமையால், இம்முறையே அங்கு நிலவுகின்றது.

கப்பற்றலைவர் எண்ணவேண்டியது காலைக்கடலை மட்டுமன்று. இறங்கியோர் மாலையில் மீளவேண்டும். இடையிற் காற்றுத் திரும்பின் பல நூற்றுவர் கரையில் தங்க நேரிடும். எனவே மீளும் வேளைக்குரிய வானிலையையும் ஆராய்ந்தே அவர் இறங்க இசைவளித்தல் வேண்டும். தெளிந்த வானைக் கண்ட பிரயாணிகள் அவர் மறுப்பைக் குறைகூறலாம். எனினும் மேடையருகே படகு தாழும் அளவை அறிந்தோர் அதனைப் பிழையென்னார்.