கல்லுக்கு அடியில் பனிக்கட்டி இருக்கிறதா?

சுவிட்சர்லாந்தின் தென்கிழக்கில், எங்கடீன் பள்ளத்தாக்குக்கு மேலே பிட்ஸ் கோர்வாட்ச் என்றொரு மலை இருக்கிறது. அதன் வடபுறச் சரிவில், ஏறக்குறைய 2,700 மீட்டர் உயரத்தில், மேலே போகும் கேபிள் கார் நடுவில் ஒரு நிலையத்தில் நிற்கும். அந்த இடத்தின் பெயர் முர்த்தெல். நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய கற்குவியல். ஆள் உயரத்துக்குப் பாறாங்கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். மேலிருந்து பார்த்தால், தட்டில் ஊற்றிய வெல்லப்பாகு மடிப்பு மடிப்பாக வழிந்து நிற்பதுபோல இருக்கும். உண்மையில் அது இப்போதும் வழிந்துகொண்டுதான் இருக்கிறது, ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் அளவில்.

கல் தானாக இப்படி வழியாது. உள்ளே இருக்கும் பனிக்கட்டிதான் உருகாமலே தன் எடையில் மெல்ல வடிவம் மாறி நகர்ந்து, மேலே கிடக்கும் கற்களையும் சுமந்துகொண்டு இறங்குகிறது. இப்படிப்பட்ட அமைப்புக்குப் பாறைப் பனியாறு என்று பெயர். ஆல்ப்ஸ், ஆண்டீஸ், இமயமலை என்று உயர்ந்த மலைத்தொடர்களில் எல்லாம் இவை உண்டு. மேலே நின்று பார்ப்பவருக்கு ஒரு துளிப் பனிக்கட்டிகூடத் தெரியாது. உள்ளே எவ்வளவு இருக்கிறது, எந்த ஆழத்தில் இருக்கிறது, குறைந்துகொண்டு வருகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். குறைந்தது இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து 0 டிகிரி செல்சியஸிலோ அதற்குக் கீழோ இருக்கும் நிலத்தை நிரந்தர உறைநிலம் என்கிறார்கள்; ஆங்கிலத்தில் பெர்மாஃப்ராஸ்ட். இந்த விளக்கத்தில் வெப்பநிலை மட்டும்தான் வருகிறது, பனிக்கட்டி வரவில்லை என்பதைக் கவனியுங்கள். மைனஸ் 3 டிகிரியில் இருக்கும் வறண்ட பாறையும் உறைநிலம்தான். ஆகவே தெர்மாமீட்டரை மட்டும் வைத்துக்கொண்டு பனிக்கட்டியின் அளவைச் சொல்ல முடியாது.

துளை போட்டுப் பார்க்கலாம். முர்த்தெலில் 1987-ல் போட்டார்கள், சுமார் 60 மீட்டர் ஆழத்துக்கு. மேலே 3 மீட்டருக்குப் பாறாங்கல். அதற்குக் கீழே 25 மீட்டருக்கும் மேல் பெரும்பாலும் பனிக்கட்டியே. 30 மீட்டர் ஆழத்தை ஒட்டி ஒரு மெல்லிய பட்டை. மேலே உள்ள மொத்தச் சுமையும் பெருமளவு அந்தப் பட்டையில்தான் வழுக்கி நகர்கிறது. அதற்கும் கீழே உறைந்த கற்கள், பிறகு அடிப்பாறை. அந்தத் துளையில் அன்று தொடங்கிய வெப்பநிலைப் பதிவு உலகின் மலை உறைநிலங்களில் எடுக்கப்பட்ட மிக நீண்ட பதிவுகளில் ஒன்று. ஆனால் துளை என்பது ஒரே ஒரு புள்ளி. இயந்திரத்தை மலைமேல் ஏற்றுவதே பெரும் செலவு. பத்து மீட்டர் தள்ளி என்ன இருக்கிறது என்பதை அது சொல்லாது.

அதனால்தான் தோண்டாமல் பார்க்கும் முறைகள். அவற்றில் முதலாவது நம் ஊருக்குப் புதிதல்ல. போர்வெல் போடுமுன் நீரோட்டம் பார்க்க, வயலில் நான்கு கம்பிகளை அடித்து ஒரு கருவியோடு இணைத்து அளப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதே முறைதான். இரண்டு கம்பிகள் வழியாக மண்ணுக்குள் மின்சாரம் செலுத்தி, வேறு இரண்டு கம்பிகளுக்கிடையே மின்னழுத்தம் எவ்வளவு என்று அளக்கிறார்கள். கம்பிகளின் இடைவெளி கூடக்கூட மின்சாரம் இன்னும் ஆழமாகப் போய்த் திரும்பும். நம் வயலில் ஈரம் இருக்கும் அடுக்கைத் தேடுகிறோம். அங்கே மின்தடை குறையும். மலைமேல் தேடுவது அதற்கு நேர்மாறானதை. பனிக்கட்டி மின்சாரத்தை ஏறக்குறைய தடுத்தே விடும். ஈரமான மண்ணின் மின்தடை எண் சில நூறு ஓம் மீட்டர் என்றால், பனிக்கட்டி நிறைந்த பாறைப் பனியாற்றில் அது பத்தாயிரத்தைத் தாண்டி, லட்சம், பத்து லட்சம் என்றும் போகும். ஒரு கோட்டில் பல பத்துக் கம்பிகளை நட்டு, நூற்றுக்கணக்கான சேர்க்கைகளில் அளந்து, கணினியில் ஏற்றினால் நிலத்தின் குறுக்குவெட்டுப் படம் கிடைக்கிறது.

இது காகிதத்தில் எளிது. முர்த்தெலில் கம்பியை எங்கே அடிப்பது? கைப்பிடி மண்கூட இல்லை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே கை நுழையும் அளவுக்குச் சந்து, அதில் நிறையக் காற்று. கம்பியைச் செருகினாலும் மின்சாரம் உள்ளே இறங்க வழியே இல்லை. அதற்கு ஆய்வாளர்கள் கண்ட வழி உப்புத் தண்ணீரும் ஸ்பாஞ்சும். பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சைப் போன்ற ஒன்றை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, கம்பிக்கும் பாறைக்கும் நடுவே இறுக்கிச் செருகுகிறார்கள். கம்பியிலிருந்து ஸ்பாஞ்சுக்கு, ஸ்பாஞ்சிலிருந்து ஈரமான கல்லுக்கு என்று மின்சாரம் இறங்குகிறது. வெயிலிலும் காற்றிலும் ஸ்பாஞ்சு காய்ந்துவிட்டால், தண்ணீர்க் குடுவையோடு பாறை பாறையாகத் தாவிப் போய் மறுபடி நனைத்துவிட்டு வரவேண்டும். பளபளக்கும் வண்ணப் படங்களுக்குப் பின்னால் இருக்கும் இந்த உழைப்பைத்தான் நான் முதலில் மதிக்கிறேன்.

இதோடு முடிந்துவிடவில்லை. மின்தடை எண் மிக அதிகம் என்று வந்தால் அடியில் இருப்பது பனிக்கட்டியாக இருக்கலாம்; கற்களுக்கு நடுவே வெறும் காற்றாகவும் இருக்கலாம். இரண்டுமே மின்சாரத்தை விடாது. மின்சாரத்தின் சாட்சியம் மட்டும் போதாது என்பதற்கு இதுவே காரணம்.

இரண்டாவது சாட்சி ஒலி. ஓர் இரும்புத் தகட்டைக் கீழே வைத்துச் சம்மட்டியால் ஓங்கி அடிக்கிறார்கள். அதிர்வு நிலத்துக்குள் ஓடுகிறது. தூரத்தில் வரிசையாக வைத்த ஜியோபோன்கள் அது எப்போது வந்து சேர்ந்தது என்று குறிக்கின்றன. காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 330 மீட்டர் போகும், தண்ணீரில் 1,500, பனிக்கட்டியில் ஏறக்குறைய 3,500. ஆகவே காற்று நிறைந்த கற்குவியலில் அதிர்வு தத்தித் தத்திப் போகும், பனிக்கட்டியில் பாய்ந்து போகும். கொஞ்சத் தூரத்துக்கு மேல், ஊருக்குள் நேராகப் போகும் பஸ்ஸைவிட பைபாஸில் சுற்றிப் போகும் பஸ் முந்திக்கொள்வதுபோல, கீழே இறங்கிப் பனிக்கட்டி வழியாக ஓடி மேலே வரும் அலை முதலில் வந்துவிடும். எந்தத் தூரத்தில் அது முந்துகிறது என்பதைக் கொண்டு பனிக்கட்டி எத்தனை மீட்டருக்குக் கீழே தொடங்குகிறது என்று கணக்கிடலாம். காற்றொலியும் நீரோடைச் சத்தமும் கலந்துவிடுவதால் ஒரே இடத்தில் பலமுறை அடித்து, பதிவுகளைக் கூட்டிக்கொள்கிறார்கள்.

மின்தடை அதிகம், ஒலியும் வேகம் என்றால் காற்று இல்லை என்று தெரிந்துவிடும். இந்த இரண்டு அளவுகளையும் ஒன்றாக வைத்து, பாறை, தண்ணீர், பனிக்கட்டி, காற்று நான்கும் எந்தப் பங்கில் இருக்கின்றன என்று கணக்கிடும் முறையைக் கிறிஸ்டியன் ஹவுக்கும் அவருடைய சகாக்களும் 2011-ல் வெளியிட்டார்கள். அதிலும் ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. திடமான பாறையும் மின்சாரத்தைத் தடுக்கும், ஒலியை வேகமாகவும் கடத்தும். பாறையையும் பனிக்கட்டியையும் எப்படிப் பிரிப்பது? எடையை வைத்துப் பிரிக்கலாம். பனிக்கட்டி தண்ணீரைவிட இலேசு, பாறை அதைவிட இரண்டரை மடங்குக்கு மேல் கனம். அடியில் பனிக்கட்டி அதிகமிருக்கும் இடத்தில் புவியீர்ப்பு இம்மியளவு குறையும். முர்த்தெலில் அதையும் அளந்திருக்கிறார்கள். தரையைத் துளைத்துப் பார்க்கும் ரேடாரும் உண்டு. அடுக்குகளின் வடிவத்தைக் காட்டுவதில் அதற்கு இணையில்லை. ஆனால் பாறாங்கற்களின் மேல் ஆன்டெனாவை இழுத்துக்கொண்டு நடப்பது பெரும்பாடு.

இவ்வளவு சிரமம் எதற்கு? ஆண்டீஸின் வறண்ட பகுதிகளில் இது தண்ணீர்க் கணக்கு. அர்ஜென்டினா 2010-ல் இயற்றிய பனியாறுகள் சட்டம், வெள்ளைப் பனியாறுகளோடு கல் மூடிய பனிக்கட்டியையும் நீர் இருப்பாகக் கருதிப் பாதுகாக்கச் சொன்னது. சுரங்கம் தோண்ட வரும் இடத்தில் கல்லுக்கடியில் பனிக்கட்டி உண்டா இல்லையா என்பது அங்கே சண்டைக்குரிய கேள்வி. அளந்து பார்த்ததில், பாறைப் பனியாறு என்று கண்ணுக்குத் தெரியாத சாதாரணச் சரிவுகளிலும் பனிக்கட்டி இருப்பது தெரியவந்தது. வடிவத்தை வைத்து வரைபடம் போட்டால் மட்டும் போதாது.

ஆல்ப்ஸில் கேள்வி வேறு: என்ன மாறுகிறது? பெர்ன் மாநிலத்தில் 2,970 மீட்டர் உயரமுள்ள ஷில்ட்ஹார்ன் சிகரத்துக்குக் கீழே, சுமார் 60 மீட்டர் நீளக் கோட்டில் இரண்டு மீட்டருக்கு ஒன்றாக நட்ட மின்முனைக் கம்பிகள் 1999 முதல் எடுக்கப்படாமல் அங்கேயே இருக்கின்றன. 2003-ன் கடும் கோடையில், வழக்கமாக 5 மீட்டர் ஆழம் வரை இளகும் நிலம் அங்கே 9 மீட்டரை நெருங்கி இளகியது. பிறகு வந்த ஆண்டுகளில் மின்தடை எண் மொத்தத்தில் இறங்குமுகமாகவே இருந்தது. உள்ளே பனிக்கட்டி குறைந்து தண்ணீர் கூடுகிறது என்பதே அதன் பொருள்.

இந்த மாற்றத்தைத் தெர்மாமீட்டர் சொல்லாது. ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்க ஆகும் வெப்பத்தைக் கொண்டு அதே ஒரு கிலோ தண்ணீரை 80 டிகிரி சூடேற்றிவிடலாம். அவ்வளவு வெப்பமும் உள்ளே போகும்வரை தெர்மாமீட்டர் 0 டிகிரியை ஒட்டியே அசையாமல் நிற்கும். மின்தடையோ முதல் துளி உருகும்போதே இறங்கத் தொடங்கிவிடும். அதனால்தான் கோடை முடிந்து இளகல் ஆழமாகப் போயிருக்கும் நாட்களில், ஒவ்வோர் ஆண்டும், அதே மின்முனைகளில் அதே கோட்டை மறுபடி அளக்கிறார்கள்.