ஒரு பேலட், 78 ஆணி, அரைக் கன அடி பலகை

பேலட் மரம் மலிவு என்று சொல்கிறவர்கள் வாங்கிய விலையை மட்டும் சொல்கிறார்கள். அதிலிருந்து எத்தனை கன அடி பலகை தேறியது என்று கேட்டால் பதில் வருவதில்லை. விலையைவிட அந்த அளவுதான் முக்கியம் என்பது என் எண்ணம். அதனால் கணக்கை அங்கிருந்தே தொடங்குகிறேன். அதற்குமுன், பேலட் நம் பக்கம் எப்படி வருகிறது என்று பார்ப்போம்.

எண்ணூரில் காமராஜர் துறைமுகம் 2001இல் செயல்பாட்டுக்கு வந்தது. அதற்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம். இரண்டுக்கும் பின்னால் வள்ளூர், மீஞ்சூர், பொன்னேரி தொடங்கி கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய் கண்டிகை வரை தொழிற்சாலைகள். இயந்திரமோ உதிரிபாகமோ ரசாயன மூட்டையோ, வருவது பெரும்பாலும் பேலட் என்ற மரத்தட்டின் மேல்தான். சரக்கை இறக்கியபின் மிஞ்சும் பேலட் காயலான் கடைக்கும் பழைய மரக்கடைக்கும் போகிறது. வீட்டுக்கு அலமாரி செய்ய நினைப்பவர் அங்கேதான் அதைப் பார்க்கிறார்.

பேலட்டின் அளவு ஆலைக்கு ஆலை மாறும். மில்லிமீட்டர் வரை அளவு நிர்ணயிக்கப்பட்டது ஐரோப்பிய பேலட். ஆகவே கணக்குக்கு அதை எடுத்துக்கொள்கிறேன். நீளம் 1,200, அகலம் 800, உயரம் 144 மி.மீ. 22 மி.மீ. கனமுள்ள பலகைகள் 11, அடிக்கட்டைகள் 9, ஆணிகள் 78. எடை சுமார் 25 கிலோ.

அந்தப் பதினொன்றில் மேலே 5, அடியில் 3, ஆக 8 நீளப் பலகைகள். ஒவ்வொன்றும் இரு முனையிலும் நடுவிலும் ஆணியால் பிணைக்கப்பட்டிருக்கும். அந்த மூன்று இடங்களையும் விட்டு அறுத்தால், ஒரு பலகைக்கு சுமார் 38 செ.மீ. நீளத்தில் இரண்டு துண்டு கிடைக்கும். மொத்தம் 16 துண்டு. ஒரு ஆணியைக்கூடப் பிடுங்க வேண்டாம். மீதி 3 குறுக்குப் பலகைகளில் ஆணி நெருக்கமாக இருப்பதால் இந்த முறையில் அவை உதவா. கணக்கு இப்படி வருகிறது:

வாங்கிய மரம்: 1.597 கன அடி
கழிவு, 9 அடிக்கட்டைகள்: 0.413
கழிவு, ஆணி உள்ள பகுதிகள்: 0.602
கழிவு, 22 மி.மீ. பலகையை 18ஆக இழைப்பதில்: 0.106
கையில் நிற்பது: 0.476 கன அடி

நூற்றுக்கு 30. ஆகவே பேலட்டின் விலையை 2.1ஆல் பெருக்கினால் ஒரு கன அடி இழைத்த பலகையின் விலை வரும். கணக்குக்காக ஒரு பேலட் 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கன அடி 420 ரூபாய். ஆணியையெல்லாம் பிடுங்கிப் பலகையை முழுசாக எடுத்தால், கால் பங்கு பிளந்துபோனாலும் 275 ரூபாய்தான். ஆனால் ஆணிக்கு ஒரு நிமிடம் என்றாலும் 78 நிமிடம் கொறடும் கடப்பாரையுமாகப் போராட வேண்டும். மரத்துக்குள் உடைந்து தங்கும் ஒரே ஒரு ஆணி இழைப்புளியின் அலகையோ ரம்பத்தின் பல்லையோ தின்றுவிடும். தெறித்தால் கண்ணுக்கு ஆபத்து. மேற்கொண்டு 145 ரூபாய் போனாலும் அறுத்தெடுப்பதே மேல் என்பேன்.

அடுத்தது முத்திரை. மரத்தோடு பூச்சியும் நாடு கடப்பதைத் தடுக்க, பன்னாட்டுப் பயிர்ப் பாதுகாப்பு ஒப்பந்த அமைப்பு 2002இல் ஒரு விதிமுறை கொண்டுவந்தது. எல்லை தாண்டும் பேலட்டில் கோதுமைக் கதிர்ச் சின்னம், நாட்டின் ஈரெழுத்துக் குறி, தயாரிப்பாளர் எண், பதப்படுத்திய முறை ஆகியவை முத்திரையாக இருக்க வேண்டும். ‘ஹெச்.டி.’ என்றால் வெப்பம்: மரத்தின் உள்மையம் 56 டிகிரி செல்சியஸில் விடாமல் 30 நிமிடம். ‘எம்.பி.’ என்றால் மெத்தில் புரோமைடு நச்சுவாயு: 21 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பநிலையில் கன மீட்டருக்கு 48 கிராம், 24 மணி நேரம். ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் ஐரோப்பிய ஒன்றியம் அதை 2010இல் விலக்கிவிட்டது. காற்றாட வெளியில் கிடந்த பலகையில் அந்த வாயு பெரிதாகத் தங்காது என்பது உண்மைதான். ஆனாலும் ஹெச்.டி. பேலட் கிடைக்கும்போது எம்.பி. போட்டதைக் குழந்தை தூங்கும் அறைக்குள் கொண்டுவர வேண்டிய அவசியம் என்ன?

முத்திரை இல்லாவிட்டால் நஞ்சு என்று பொருளில்லை. உள்நாட்டுக்குள் மட்டும் சுற்றும் பேலட்டுக்கு அந்த விதி கிடையாது. அதன் கதை தெரியாது, அவ்வளவுதான். இன்னொன்று: வெப்பம் அன்றைக்கிருந்த பூச்சியைத்தான் கொன்றது. நாளைக்கு வரும் கரையானை அது தடுக்காது.

முத்திரை சொல்லாத சங்கதியும் உண்டு: அந்த பேலட் எதைச் சுமந்தது என்பது. ரசாயன ஆலைகள் உள்ள நம் பகுதியில் எனக்கு இதுதான் பெரிய கவலை. 2010 ஜனவரியில் அமெரிக்காவில் டைலினால் உள்ளிட்ட மாத்திரைகள் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. காரணம் பூஞ்சை வாடை. டிரைபுரோமோபீனால் பூசிய மர பேலட்டுகளிலிருந்து கிளம்பிய ஒரு வேதிப்பொருள் மருந்து டப்பாக்கள் வரை ஏறியிருந்தது. மூடிய டப்பாவுக்கே அந்தக் கதி என்றால், திறந்த அரிசிப் பானை பக்கத்தில் இருக்கும் பலகையை யோசித்துப் பாருங்கள். எண்ணெய்க் கறை, பச்சை பாய்ந்த நிறம், மூக்கைக் குத்தும் நெடி, பூஞ்சை வாடை இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த பேலட் வேண்டாம். நீல வண்ணம் அடித்தவை பெரும்பாலும் வாடகை நிறுவனத்தின் சொத்து. அறுக்க நமக்கு உரிமையில்லை.

ஒதுக்குவதற்கும் விலை உண்டு. நான்கு வாங்கி, வீட்டுக்கு வந்தபின் ஒன்றை எறிந்தால் 420 ரூபாய்க் கணக்கு 560 ஆகிவிடும். கடையிலேயே ஒதுக்கினால் செலவு சுழியம்.

அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் என்-95 முகக்கவசம் போடுங்கள். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகைப் பொருள்களில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்திருக்கிறது. வீட்டுக்குள் உப்புத்தாள் தேய்க்காதீர்கள். வாசலில் உட்கார்ந்து தேயுங்கள்.

அந்த 16 துண்டில் 8 துண்டு 14.5 செ.மீ. அகலம், 8 துண்டு 10 செ.மீ. அகலம். ஒன்றோடொன்று சேர்த்தால் சுமார் 24 செ.மீ. ஆழத்தில் 8 தட்டு. செருப்பு ரேக்குக்கு எட்டும் தேவைப்படும். புத்தகத்துக்கு நான்கு போதும். நிற்கக் கால் வேண்டுமே. இரண்டாவது பேலட்டின் அடியிலிருந்து 10 செ.மீ. அகலப் பலகைகள் இரண்டை மட்டும் ஆணி பிடுங்கி எடுத்து நெடுக்காகப் பிளந்தால் 120 செ.மீ. உயரத்தில் நான்கு கால். கட்டிலும் தொட்டிலும் காய்கறி நறுக்கும் பலகையும் இந்த மரத்தில் வேண்டாம்.

கடைக்குப் போகும்போது அளவுநாடா ஒன்று கொண்டுபோங்கள். விலை பேசுவதற்கு முன் பேலட்டைத் திருப்பி, எதிரெதிர்ப் பக்கங்களில் கோதுமைக் கதிரைத் தேடுங்கள். பிறகு குனிந்து ஒருமுறை முகர்ந்து பாருங்கள்.