பென்சில் முனையிலே ஒரு புதையல்

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவின் ஜோன் அபொட் கல்லூரியிலே பயிலும் பிள்ளைகளின் பென்சிலில் உள்ளது காரீயம். நம் இலங்கையின் போகல, கஹட்டகஹ சுரங்கங்கள் தூய காரீயத்துக்குப் பெயர்பெற்றவை.

புத்தக ஏடுகள்போல் காபன் படலங்கள் அடுக்கப்பட்ட பொருள் அது; ஒரு மில்லிமீற்றர் தடிப்பில் ஏறத்தாழ 30 இலட்சம் படலங்கள். படலத்துள் அணுப்பிணைப்பு வலியது, படலங்களுக்கிடையே மெலியது. ஆதலாலேயே அவை வழுக்கித் தாளில் பதிகின்றன.

2004இல் மன்செஸ்டர் பல்கலைக்கழகத்தில், ரஷ்யாவிற் பிறந்து புலம்பெயர்ந்த கெய்ம், நொவொசெலொவ் இருவரும் சாதாரண ஒட்டுநாடாவினால் ஒற்றைப் படலத்தைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தனர். 2010இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு பெற்றனர். கிராபீன் எனப்படும் அப்படலம் உருக்கினும் பன்மடங்கு வலியது. மின்னையும் வெப்பத்தையும் நன்கு கடத்துவது. மின்கலங்களிலும் உணரிகளிலும் அதனைப் பயன்படுத்த ஆய்வுகள் தொடர்கின்றன.

நம் தீவோ நூறாண்டுக்கு மேலாகக் காரீயத்தைப் பெரும்பாலும் மூலப்பொருளாகவே விற்றது. வளத்தினும் அதனைப் பிரித்தறியும் கல்வியே பெரிது. மண்ணை விட்டுவந்த நாம் பிள்ளைகளுக்கு அளிக்கக்கூடிய முதுசொம் அதுவே.