கதவைச் சாத்திக்கொள்ளும் சிலந்தி!

மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். தோண்டிப் பார்த்தால் ஆபத்து!

நாய் வளர்ப்பார்கள். கிளி வளர்ப்பார்கள். சிலந்தி வளர்ப்பவர்களும் உண்டு!

அமெரிக்காவில் பலர் "டாரண்டுலா" என்னும் பெரிய சிலந்தியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து வளர்க்கிறார்கள். உடல் முழுவதும் ரோமம். கால்களை விரித்தால் உள்ளங்கை அளவு இருக்கும்.

டெக்சாஸ், ஓக்லகோமா மாநிலங்களில் உள்ள பழுப்பு நிற டாரண்டுலா, மண்ணில் வளை தோண்டி வசிக்கும். வாசலில் காத்திருந்து, அருகே வரும் பூச்சியைப் பாய்ந்து பிடிக்கும். பெண் சிலந்தி 20 ஆண்டுகளுக்கு மேல் வாழும். ஆணுக்கு அந்த யோகம் இல்லை. பருவம் வந்ததும் துணை தேடிப் புறப்படும். சில மாதங்களில் இறந்துவிடும்.

வாசல் அடைப்பு

நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த சிலந்தி, திடீரென்று மண்ணையும் தன் நூலையும் சேர்த்து வளையின் வாயை அடைத்துவிடும். வாரங்கள் ஓடும். சில சமயம் மாதங்களும் ஓடும். வெளியே வராது.

"செத்துவிட்டதோ?" என்று வளர்ப்பவர் பயப்படுவார். வளையைத் தோண்டிப் பார்ப்பார். உயிரோடு இருந்த சிலந்தி அதனாலேயே செத்துப்போவதும் உண்டு!

ஏன் அடைக்கிறது?

காட்டில் வாழும் சிலந்தி, குளிர்காலத்தில் வளையை மூடிக்கொண்டு முடங்கிக் கிடக்கும்.

இன்னொரு காரணம், தோல் உரிப்பது. சிலந்திக்கு எலும்பு கிடையாது. மேல்தோல்தான் அதற்குக் கவசம். உடல் வளரும், அந்தத் தோல் வளராது. ஆகவே, பாம்பு சட்டை உரிப்பதுபோலப் பழைய தோலைக் கழற்றி எறியும். அப்போது மல்லாந்து படுத்திருக்கும். பார்த்தால் பிணம் போலத் தோன்றும்!

புதுத் தோல் மிகவும் மெத்தென்று இருக்கும். விஷப்பல்கூட வெளுத்து, பலமில்லாமல் இருக்கும். அந்த நேரத்தில் ஒரு சுவர்க்கோழி கடித்தாலும் சிலந்தி தாங்காது. அதற்குத்தான் கதவடைப்பு!

என்ன செய்ய வேண்டும்?

வாசல் திறந்திருக்கும் நாட்களில், வளர்ந்த சிலந்திக்கு வாரம் ஒரு சுவர்க்கோழி போதும். இரை, சிலந்தியின் வயிற்றைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது.

வாசலை அடைத்துவிட்டால், இரை போடக் கூடாது. உயிருள்ள பூச்சி பெட்டியில் இருந்தால் எடுத்துவிட வேண்டும். சிறு கிண்ணத்தில் தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்கட்டும். வளைக்குள் தண்ணீர் ஊற்றக் கூடாது. பெட்டியை ஆட்டவும் கூடாது.

சிலந்தி வெளியே வந்த உடனே விருந்து வைத்துவிடக் கூடாது! பல் கறுத்து இறுக வேண்டும். ஒரு வாரம், பத்து நாள் பொறுத்து, முதலில் சிறிய பூச்சியாகப் போட வேண்டும்.

கையில் எடுக்கலாமா?

எடுக்காமல் இருப்பதே நல்லது. இது கடித்தால் தேனீ கொட்டியதுபோல வலிக்கும். பின்னங்காலால் ரோமத்தை உதறிவிடும். அது கண்ணில் பட்டால் கஷ்டம். கை தவறிக் கீழே விழுந்தால், சிலந்தியின் வயிறு வெடித்துவிடும்.

கதவைச் சாத்தியவர் தாமே திறப்பார். அதுவரை தட்டாமல் இருப்பதே சிலந்திக்குச் செய்யும் பெரிய உபசாரம்!